ஒற்றைச் சுற்று

விழுந்த சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. நனைந்த மூட்டை ஒன்றை இரும்புத் தளத்தில் இறக்கிப் போட்டது போல ஒரு சத்தம். அதையடுத்து, அடிபட்டவர்கள் வாயிலிருந்து தன்னையறியாமல் வருமே, அப்படி ஒரு மூச்சு. எஞ்சின் உறுமலில் படகில் பாதிப் பேருக்கு அது கேட்டிருக்காது. தைனாராவுக்குக் கேட்டது. கேட்ட கணமே என்ன விழுந்தது, எதனால் விழுந்தது என்பதும் தெரிந்துவிட்டது. தன் தூளிக்குள் சுருண்டு கிடந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. முழங்காலை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, தூங்குகிறவள் எப்படி மூச்சு விடுவாளோ அப்படி விட்டாள். பதினைந்து வயதுக்குள் தான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்தப் பத்து நொடிதான் என்று அன்று பகல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கீழே கிடக்கிறாள், வயிற்றில் ஏழரை மாதம். தங்கை மேலே தூங்குவது போல நடிக்கிறாள்.

"தைனா" என்று மார்லியின் குரல் தரையிலிருந்து வந்தது. கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவர்களை எழுப்பிவிடாமல் தண்ணீர் கேட்பவள் மாதிரிதான் கூப்பிட்டாள். "தைனா, விழுந்துட்டேன்டி."

யாரோ விளக்கைப் போட்டார்கள். தளம் முழுக்கத் தூளிகள், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு, சிவப்பும் பச்சையும் கோடுமாக, நூறு இருக்கும். கூரைக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய்களில்தான் எல்லாரும் கட்டுவார்கள். ஒருவர் புரண்டால் ஏழு பேர் அசைவார்கள். அந்த நெரிசலுக்கு நடுவே மார்லி ஒருக்களித்துக் கிடந்தாள். அவளுடைய தூளியின் கால்மாட்டு முனை மட்டும் குழாயில் தொங்கியது. தலைமாட்டு முனை அவளோடு தரைக்கு வந்திருந்தது. அந்தத் தலைமாட்டில், கையைத் தூக்கிக் குழாயைப் பிடித்தபடி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பார்வை மங்கிய கிழவர் வால்டெசிர் நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், என்னய்யா பண்ற அங்க?" என்று கத்தினாள் இவோனெட்டி. ஆற்றோர ஊர்களில் துணி விற்கிறவள். அவளுக்கு மெல்லப் பேச வராது.

"ஒண்ணுக்குப் போயிட்டு வரேம்மா. என் தூளியத் தேடுறேன்."

"புள்ளத்தாச்சி தலமாட்டுல வந்துதான் தேடுவியா?"

"கண்ணுதான் தெரியாது போலருக்கு, கைக்கு எல்லாம் தெரியுது" என்று எங்கோ ஒரு தூளிக்குள்ளிருந்து ஒருவன் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் தைனாரா எழுந்து இறங்கினாள். இறங்கும்போதே அழுகை வந்துவிட்டது. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

தளத்து மேஸ்திரி ஜெனிவால்டோ டார்ச்சோடு வந்தான். பயணிகளை அதட்டுவது, சரக்கு ஏற்றுவது, கடைசித் தட்டில் ஒரு பெட்டிக்கடை வைத்து பிஸ்கட்டும் சோப்பும் கயிறும் விற்பது, எல்லாம் அவன்தான். மார்லியை இரண்டு பெண்கள் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருக்க, அவன் தூளியின் தலைமாட்டு முனையில் கிடந்த நீலக் கயிற்றை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் நுனி முதல் நுனி வரை உருவிப் பார்த்தான்.

"அறுந்திருந்தா நாரு பிஞ்சிருக்கும். இது பாருங்க, வழுவழுன்னு அப்படியே இருக்கு. கயிறு அறுகல. யாரோ வால இழுத்துருக்காங்க."

அவன் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. படகில் யாரும் இறுக முடிச்சுப் போடுவதில்லை. உருவாஞ்சுருக்குதான். கயிற்றைத் தூளியின் காதில் கோத்து, குழாயின் மேல் சுற்றி, மிச்ச வாலை வளையமாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் செருகிவிட வேண்டும். ஆள் படுக்கப் படுக்க இறுகும். இறங்க வேண்டிய ஊர் வந்ததும் வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். இருட்டில் குழாயைத் தடவிக்கொண்டு வருகிற ஒரு கைக்கு அந்த வால் அகப்பட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் வால்டெசிரைப் பார்த்தார்கள். அறுபது வயதிருக்கும். ஜூருவா ஆற்றோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாலு நாள் துடுப்புப் படகில் வந்து, தெஃபே துறையில் ஏறியவர். இரண்டு கண்ணிலும் பால் ஊற்றினது போல வெண்மை. வியாழக்கிழமை காலை, படகு போகும் மனௌஸ் நகரத்தில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் என்று ஏறிய நாளிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீயாய்யா இழுத்த?" என்றான் ஜெனிவால்டோ.

அவர் குழாயிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையைத் தன் முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். அதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுவது போல இருந்தது.

"தெரியல தம்பி. ஏதேதோ கயிறு கைல பட்டுச்சு. நான் தடவித் தடவித்தான வரேன். இருக்கலாம்." கையை இறக்கி, "நானாத்தான் இருக்கும்" என்றார்.

தைனாரா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் மட்டும் 'நான் இல்லை' என்று சத்தம் போட்டிருந்தால், இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்திருந்தால், தான் ஏதாவது சொல்லியிருப்போம் என்று பிறகு பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவர்தான் ஒப்புக்கொண்டுவிட்டாரே. ஒருவர் முன்வந்து எடுத்துக்கொண்ட பழியை எப்படித் திரும்பப் பிடுங்குவது?

கேப்டனிடம் போய்விட்டு வந்த ஜெனிவால்டோ, சாயங்காலம் வழியில் வரும் கொடஜாஸ் துறையில் கிழவரை இறக்கிவிடச் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தான். "கண்ணு தெரியாத ஆளத் தனியா ஏத்துனதே தப்பு. இன்னொருத்தர் விழுந்தா யாரு பதில் சொல்றது?" அடுத்த படகு சனிக்கிழமைதான். வால்டெசிர் தலையை ஆட்டினார். வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முந்தின நாள் பொழுது சாயும்போது நடந்தது இது.

தினமும் அந்த நேரத்தில் தளத்தைக் கழுவுவார்கள். எல்லாரும் தூளிகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொள்ள வேண்டும். கழுவி முடித்ததும் மறுபடி கட்ட வேண்டும். மார்லியின் பழைய பருத்திக் கயிறு ஒரு முனையில் நைந்திருந்ததைத் தைனாராதான் பார்த்தாள். ஓடிப்போய் ஜெனிவால்டோவிடம் புதுக் கயிறு வாங்கி வந்தாள். நீலப் பிளாஸ்டிக். "மாட்டக் கட்டித் தூக்குனாலும் தாங்கும்" என்றுதான் அவன் கொடுத்தான். அக்காவுக்குப் புதுசு, தனக்குப் பழசில் நல்லதாக இருந்த துண்டு. அதில் அவளுக்கு ஒரு பெருமை கூட இருந்தது.

பிளாஸ்டிக் கயிறு வழுக்கும் என்பது ஆற்றில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பருத்தி குழாயைக் கவ்விப் பிடிக்கும், ஒரு சுற்றுப் போதும். பிளாஸ்டிக்குக்கு மூன்று சுற்று வேண்டும். செருகின வளையத்துக்குள் வாலை இன்னொரு முறை விட்டுப் பூட்டவும் வேண்டும். இது தைனாராவுக்கும் தெரியும். முதல் சுற்றைப் போட்டு வளையத்தைச் செருகிய நேரத்தில், மேல்தட்டில் யாரோ "சிக்னல்! சிக்னல்!" என்று கத்தினார்கள். கரையில் ஏதோ கிராமத்து செல்போன் கோபுரம். பத்து நிமிடம் இருந்தால் அதிகம், வளைவு திரும்பினால் போய்விடும். அவள் மனதில் இருந்த பையன் ருவான் பதில் போட்டிருப்பான் என்று இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருந்தாள். கயிற்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தாள்.

"மூணு சுத்து சுத்துனியாடி?" என்று பின்னாலிருந்து மார்லி கேட்டாள்.

"சுத்திட்டேன், சுத்திட்டேன். படு நீ."

மேலே போய், போனைப் பிடித்த கையை வானத்துக்குத் தூக்கி நின்றாள். அவள் அனுப்பியதை ருவான் படித்திருந்தான். இரண்டு நீலக் குறி. பதில் இல்லை. அந்த வருத்தத்தில் கயிற்றை அடியோடு மறந்துபோனாள். அப்புறம் ஒன்பது மணி நேரம் எஞ்சின் அதிர அதிர, அக்கா புரளப் புரள, அந்த வளையம் நூல் நூலாக உள்ளே இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கும். அதைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை. தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது.

விடிந்தது. கறுப்புக் காபியும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மார்லி இனித் தூளியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். தடுப்புக் கம்பியோரம் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை அடுக்கி, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் ஒரு பக்கம் கன்றிப் போயிருந்தது. இரத்தம் எதுவும் இல்லை. வலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றாள். அவள் கை மட்டும் வயிற்றை விட்டு நகரவில்லை. ஒரு இடத்தில் வைப்பாள், காத்திருப்பாள், இன்னொரு இடத்துக்கு மாற்றுவாள்.

"என்னக்கா?"

"காலைல காபி குடிச்சா உதைக்கும். இன்னைக்கு உதைக்கல."

"தூங்குதா இருக்கும்."

"இருக்கும்."

இவோனெட்டி தன் மூட்டை மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "என் மூணாவது வயித்துல இருக்கறப்ப நான் மாடிப்படியில உருண்டேன். இன்னைக்கு அவன் லாரி ஓட்டுறான். சும்மா பயப்படாத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே குரலைத் தணித்து, "கொடஜாஸ்ல ஆஸ்பத்திரி இருக்கு. எதுக்கும் யோசிச்சுக்கோ" என்றாள். அவள் குரலைத் தணித்ததுதான் தைனாராவுக்கு அதிகப் பயமாக இருந்தது.

மார்லிக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று ஊர் நர்ஸ் எழுதிக் கொடுத்த காகிதம் மனௌசுக்கு உரியது. நாள் குறித்திருந்தார்கள். கொடஜாசில் இறங்கினால் அந்தக் காகிதத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்று தெரியாது. அவளுடைய புருஷன் எங்கோ காட்டில் மரம் வெட்டப் போனவன், தகவல் சொல்லக்கூட வழியில்லை. மார்லி ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கொடஜாஸ் வர்றதுக்குள்ள ஒரு தடவ அசஞ்சா மனௌஸ் போயிடலாம். அசையலன்னா எறங்கிடுவோம். சரியா?"

"சரிக்கா."

வறண்ட மாதம். ஆறு இறங்கிக் கிடந்தது. இரண்டு பக்கமும் மணல் திட்டுகள், காய்ந்த மரங்களின் வேர்கள், திட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிணந்தின்னிப் பறவைகள். படகு ஆழம் தேடி ஊர்ந்தது. முன்னால் ஒருவன் கழியால் குத்திக் குத்திப் பார்த்து ஏதோ கத்துவான், எஞ்சின் குறையும், மறுபடி உறுமும். தைனாரா தடுப்புக் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு, படகு தட்டி நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இன்றைக்குக் கொடஜாஸ் வரவே கூடாது. அடுத்த நிமிடமே, சீக்கிரம் வர வேண்டும், அங்கே டாக்டர் இருப்பார் என்று மாற்றி வேண்டிக்கொண்டாள். இரண்டில் எதைக் கேட்டாலும் யாரோ ஒருவருக்குக் கெடுதல்.

மத்தியானம் மீனும் சோறும் வறுத்த மரவள்ளி மாவும் வந்தது. வால்டெசிர் ஒரு தகரக் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி, தூளிகளுக்கு அடியில் குனிந்து, ஒவ்வொருவராகக் கேட்டுக்கேட்டு அவர்கள் பக்கம் வந்து சேர்ந்தார். வழியில் ஒருவன், "பாத்துப் போ பெரியவரே, எங்க கயித்தையும் அவுத்துராத" என்றான். அவர் "இல்லப்பா, கைய கீழதான் வச்சிருக்கேன்" என்று உண்மையாகவே பதில் சொன்னார்.

"சக்கரத் தண்ணி தாயி. குடிச்சிட்டு எடது பக்கமாப் படு. என் வீட்டுக்காரி அப்படித்தான் செய்வா. கொழந்த முழிச்சுக்கும்."

மார்லி அவரைப் பார்க்காமல் குவளையை வாங்கினாள்.

"நான் வேணும்னு பண்ணல தாயி" என்றார். "எனக்கு எல்லாம் பொகையாத்தான் தெரியும். கைதான் எனக்குக் கண்ணு. அதுவும் என்னை ஏமாத்திருச்சின்னா நான் என்ன பண்ணுவேன். காலைலேர்ந்து யோசிக்கறேன். நீலக் கயிறா, வேற கயிறா, இழுத்தனா, சும்மா பிடிச்சனா. ஒண்ணும் ஞாபகம் வரல. அறுபத்திரண்டு வயசுல ஒரு கொழந்தய..." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

மார்லி தண்ணீரைக் குடித்தாள். "போங்க பெரியவரே. போய் உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று தைனாராவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இடது பக்கம் படுத்தாள். கண்ணை மூடிக் காத்திருந்தாள். அரைமணி ஆயிற்று. ஒன்றும் இல்லை.

நாலு மணி சுமாருக்கு ஜெனிவால்டோ வந்து, "கெளவா, மூட்டயக் கட்டு. இருட்டுறதுக்குள்ள கொடஜாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். வால்டெசிர் தன் தூளிக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் தடவினார். பிறகு, "பாப்பா, அங்க இருக்கியா?" என்று கூப்பிட்டார். "இத அவுத்துத் தரியாம்மா. இனிமே மேல கைய வச்சா மத்தவங்க பயந்துக்குவாங்க."

தைனாரா ஒரு பெட்டி மேல் ஏறி நின்று அவருடைய முடிச்சைப் பார்த்தாள். கறுத்துப்போன பழைய நைலான் கயிறு. குழாயைச் சுற்றி மூன்று சுற்று, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில், அடுக்கி வைத்தது போல. வளையத்தைச் செருகி, வாலை அதற்குள் விட்டுப் பூட்டி, அந்த வால் வெளியே தொங்கக்கூடாது என்று சுற்றுகளுக்கு அடியிலேயே மடக்கி வைத்திருந்தது. யார் கை பட்டாலும் அவிழாது. பார்வை இல்லாத ஒருவர், இந்த நெரிசலில், ஆட்கள் இடித்துக்கொண்டு போகும்போது, விரலால் எண்ணி எண்ணி இதைக் கட்டியிருக்கிறார். அவளுக்கு நல்ல கண் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும்.

"என்னம்மா, கெட்டியா இருக்கா?"

அவள் விரல் முடிச்சின் மேல் இருந்தது. அவிழ்க்க முடியவில்லை. பெட்டியிலிருந்து இறங்கினாள். கால் தானாக மார்லியிடம் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய முழங்காலைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, அவரு இல்ல. ஒரு சுத்துதான் போட்டேன். பூட்டல. மேல சிக்னல் வந்துச்சு."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணல் திட்டு முழுசாகக் கடந்துபோனது.

"மூணுன்னு சொன்னியே" என்றாள் மார்லி.

"ஆமா."

"நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

மார்லி அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. வயிற்றின் மேலிருந்த கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. "போய்ச் சொல்லு" என்றாள். "அந்த மேஸ்திரிகிட்ட போய்ச் சொல்லு. எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது."

ஜெனிவால்டோ பெட்டிக்கடையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. முடித்ததும் நிமிர்ந்து, ஏதோ கணக்குப் போடுவது போல அவளைப் பார்த்தான். அவள் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டிருந்தார்கள். இவோனெட்டியும் வந்து நின்றாள்.

"என் கயிறு வழுக்குதுங்கறியா?"

"இல்லண்ணே. நான் ஒரு சுத்துதான் போட்டேன்."

"இந்தக் கயிறு இந்தப் படகுல இருவது பேரு கட்டிருக்கான். எவனும் விழல. கெளவன் பாவம்னு உனக்கு மனசு எரங்கிருச்சு. சின்னப் புள்ள, எனக்குப் புரியுது." ஆட்கள் பக்கம் திரும்பி, "என்னங்க?" என்றான். யாரோ ஆமாம் என்றார்கள்.

"பாப்பா, எனக்காகப் பொய் சொல்லாதம்மா." வால்டெசிரின் குரல் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. "நானாத் தேடிக்கிட்டது, நான் எறங்கிக்கறேன்."

தைனாரா திரும்பினாள். "பொய் இல்ல! கட்டிக் காட்டறேன்!" என்று கத்தினாள். குரல் கீச்சென்று உடைந்தது. அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

மார்லியின் தூளி இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. யாரும் அங்கே கட்டவில்லை. எல்லாரும் பார்க்க, அதே நீலக் கயிற்றைத் தூளியின் காதில் கோத்து, குழாயின் மேல் ஒரு சுற்றுப் போட்டு, வாலை மடித்து வளையமாகச் செருகினாள். வளையம் ஒரு கோழிமுட்டை அளவு இருந்தது. பூட்டவில்லை. நேற்றுச் செய்தது போலவே ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு ஏறிப் படுத்தாள்.

தாங்கியது.

கண்ணை இறுக மூடி, விழுவதற்காக உடம்பை விறைத்துக்கொண்டு கிடந்தாள். இரும்புத் தளம் கீழே இருப்பது முதுகுக்குத் தெரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எழும்பி எழும்பிக் குதித்துப் பார்த்தாள். அப்போதும் தாங்கியது.

"நீ ஈர்க்குச்சி. நகரு" என்று அவளை எழுப்பிவிட்டு ஜெனிவால்டோ ஏறினான். தொண்ணூறு கிலோ இருப்பான். மல்லாந்து படுத்து, காலைத் தொங்கவிட்டு, இப்படியும் அப்படியும் ஆடி, "ஒரு பீர் கொண்டாங்கப்பா" என்றான். தளமே சிரித்தது. "பாத்தீங்கல்ல? ஒத்தச் சுத்துதான். மாட்டக் கட்டித் தூக்கினாலும் தாங்கும்னு நான் சொன்னப்ப எவனும் நம்பல." இறங்கி, தைனாராவின் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விட்டான். கூட்டம் கலைந்தது. இவோனெட்டி மட்டும் போகும்போது ஒரு கணம் நின்று, குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் மூட்டைக்குப் போனாள்.

உண்மையைச் சொன்னால் என்னென்ன நடக்கும் என்று தைனாரா காலையிலிருந்து நினைத்து நினைத்து நடுங்கியிருந்தாள். திட்டுவார்கள், அக்கா பேசமாட்டாள், ஊருக்குத் தெரிந்துவிடும். யாருமே நம்பாமல் போய்விடுவார்கள் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. சொன்ன பிறகும் அது அவளிடமே இருந்தது. இனி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

குழாயை அண்ணாந்து பார்த்தாள். வளையத்தைப் பார்த்தாள். கோழிமுட்டை அளவு இருந்தது இப்போது புறாமுட்டை அளவாக இருந்தது.

ஆள் ஏறினதும் விழாது. அதிர அதிர, ஆட ஆடத்தான் இறங்கும். அது ஒன்பது மணி நேரம் எடுத்தது. கொடஜாசுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மறுபடி தூளியில் ஏறினாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, பலம் கொண்ட மட்டும் உந்தினாள். தூளி பக்கத்துத் தூளியில் போய் மோதியது.

"ஏய், என்னடி ஆச்சு உனக்கு?" என்று ஒருவன் கத்தினான். அவள் நிறுத்தவில்லை. உந்தினாள், மோதினாள், உந்தினாள். கண் வளையத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீலக் கயிறு குழாயின் மேல் 'கிர்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டது. விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, கை தன்னையறியாமல் தூளியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை விடச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை.

"பாப்பா, எறங்கும்மா" என்றார் வால்டெசிர். தூளிக்குக் கிட்டே வந்து, சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பி நின்றார். அவருடைய தூளியை யாரோ அவிழ்த்துத் தந்திருந்தார்கள். சுருட்டின மூட்டை கக்கத்தில் இருந்தது. "அடிபட்டுரும். வேணாம்." குழாயிலிருந்து வந்த அந்த 'கிர்' அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்தார். இன்னொரு முறை கேட்டது. அவர் வாய் லேசாகத் திறந்தது. அதன் பிறகு இறங்கச் சொல்லவில்லை.

வெளியே ஆறு செம்பு நிறமாகி, பிறகு கறுத்தது. தைனாராவின் கால் மரத்துவிட்டது. உந்த முடியவில்லை. தூளியின் ஆட்டம் குறைந்து குறைந்து, நிற்கும் இடத்துக்கு வந்தது. அப்போது தரையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மார்லி, ஒரு கை வயிற்றில் இருக்க, தான் சாய்ந்திருந்த ஆரஞ்சு மிதவைச் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, தூளிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். மூன்றைத் தள்ளினாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, அதன் மேல் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"அசஞ்சுதாக்கா?"

மார்லி தங்கையின் முதுகு பள்ளமாக இறங்கியிருந்த இடத்தில், துணியின் மேல், உள்ளங்கையை வைத்தாள். ஆறு மாதம் ஆனதிலிருந்தே ராத்திரிகளில் தனக்குள் முனகிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு ராகத்தை முனகாமல், வாயை இறுக மூடிக்கொண்டு, மெல்லத் தள்ளினாள். தூளி போய்த் திரும்பி அவள் கைக்கே வந்தது. மறுபடி தள்ளினாள். படகு நீளமாகச் சங்கு ஊதியது. வளைவுக்கு அப்பால் கொடஜாசின் விளக்குகள் தண்ணீரில் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. மேலே வளையம் ஒரு மோதிரம் அளவு இருந்தது. மார்லி ஆற்றைப் பார்க்கவில்லை, குழாயையும் பார்க்கவில்லை. ஒரு கை வயிற்றின் மேல் அசையாமல் இருக்க, இன்னொரு கையால் தங்கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.